ஏழு படி அலுமினிய ஏணி, ஒன்று

1

“ஏணியை மட்டும் எடுத்துடு.”

“எப்படிக்கா எடுக்கறது? போன மாசமே கணக்கை அனுப்பியாச்சு.”

“அப்போ நீயே சொல்லு. வீட்ல உக்காந்து எழுதறவளுக்கு ஏணி எதுக்கு? பேனாவைப் பரண் மேலயா வச்சிருக்க?”

“உனக்கு எல்லாமே சிரிப்புதான்.”

“சிரிக்கலடி. லெட்டரை எடு. கடைசி வரியைப் படி. சத்தமா படி.”

கதை எப்படிப் பிறந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. இது மழை நாளில் ஜன்னலோரம் உதித்த கதை அல்ல. வரி அலுவலகம் ஒரு கடிதம் போட்டது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது வந்தது. தொலைபேசியின் ஒரு முனையில் இருப்பவள் இதை எழுதுகிறவள். இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது அவள் தொழில். மிக்சி, பம்ப்செட், தையல் மெஷின், எதுவானாலும் பெட்டிக்குள் நான்காக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அந்தத் தாள். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லை. ஒப்பந்தம், வேலை, பில், அடுத்த ஒப்பந்தம். மறுமுனையில் இருப்பவள் அவளுடைய அக்கா. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிறவள். தங்கைக்கு மட்டும் இலவசமாகப் பார்ப்பாள், திட்டையும் சேர்த்து.

கடிதத்தின் கடைசி வரி இது: “உருப்படி 14, ஏணி (அலுமினியம், ஏழு படி), தங்கள் தொழிலுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதைப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கவும். விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லையெனில், தங்கள் செயல்பாடு தொழிலா அல்லது பொழுதுபோக்கா என்பது மறுபரிசீலனை செய்யப்படும்.”

சத்தமாகப் படிக்கத்தான் ஆரம்பித்தாள். ‘பொழுதுபோக்கா’ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டுத் தாளை மடித்துவிட்டாள்.

(‘நான்’ என்று எழுதாமல் ஏன் ‘அவள்’ என்று எழுதுகிறாள் என நீங்கள் கேட்கலாம். முதல் வரைவில் ‘நான்’தான் இருந்தது. அக்கா அடித்துவிட்டாள். “நான் வாங்கினேன்னு எழுதினா வீட்டுச் செலவு மாதிரி இருக்கு. வேற யாரோ வாங்கின மாதிரி எழுது. கொஞ்சம் மரியாதையா இருக்கும்.”)

2

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடையில் எதை வாங்கினாலும் விலையோடு விற்பனை வரியும் கட்டுகிறோம். வாங்கியது தொழிலுக்காக என்றால், பில்லைக் காட்டி அந்த வரியை அரசாங்கத்திடமிருந்து திரும்பப் பெறலாம். அதற்கு ஒரு பதிவு எண் வேண்டும். அவளிடம் இருந்தது. பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு, படுக்கையறை மூலையில், தன் மேசைக்கு மேலே மாட்டியிருந்தாள். நான்கு வருடங்களாக விருந்தாளிகள் வந்தால் “வீட்ல சும்மாதானே இருக்க?” என்று கேட்பார்கள். அவள் வாயால் பதில் சொல்ல மாட்டாள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அந்த மூலைக்கு அழைத்துப்போவாள். அவள் வேலை செய்கிறாள் என்று இந்த உலகத்தில் எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அரசாங்கம்தான். இப்போது அதற்கும் சந்தேகம் வந்துவிட்டது.

ஏணி கணக்கில் ஏறியது இப்படி. அச்சு மை, இரண்டு கட்டுக் காகிதம், மேசை விளக்கு வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனாள். கணவனும் கூட வந்தான். அவன் ஒரு பேருந்து நிறுவனத்தில் நேர அட்டவணை போடுகிறவன். எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்பதை விரல் நுனியில் வைத்திருப்பான். வீட்டில் டியூப் லைட் மாற்ற ஒரு வாரம் நிற்பான். அன்று கடையில் ஏணியைப் பார்த்ததும் அவனுக்கு வீரம் வந்துவிட்டது.

“தனித்தனியா பில் போடச் சொல்லுங்க,” என்றாள் அவள்.

“ஒரே பில்லா போட்டா வீட்டுக்கே கொண்டுவந்து இறக்குவாங்களாம். தனியா போட்டா ஏணியை நாமதான் தூக்கணும். பஸ்ல ஏத்த விடமாட்டான்.”

“உங்க பஸ்தானே?”

“அதனாலதான் எனக்குத் தெரியும்.”

ஒரே பில். காலாண்டு முடிவில் அவள் மொத்தத் தொகையைப் பார்த்தாள், வரியைப் பார்த்தாள், நடுவில் இருந்த உருப்படிகளைப் பார்க்காமல் படிவத்தில் ஏற்றினாள். கையேடுகளைப் படிக்காதவர்களை வாழ்நாள் முழுக்கச் சபித்தவள் ஒரு பில்லைப் படிக்கவில்லை.

3

“அந்த மூணு மாசத்துல என்னென்ன வேலை பண்ணின?” என்று கேட்டாள் அக்கா.

“ஒரு வாட்டர் ஹீட்டர் கையேடு.”

“அடடே! ஹீட்டரை உயரத்துலதானே மாட்டணும்? ஏணி வேணும்னு எழுதிடு. முடிஞ்சது வேலை.”

“முடியாதுக்கா. கணக்கோட அந்தக் கையேட்டு காப்பியையும் சேர்த்துத்தான் அனுப்பிருக்கேன்.”

“அதுல என்ன?”

“மூணாம் பக்கம். எச்சரிக்கைகள். நாலாவது.”

அக்கா அவசரமாகத் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, செய்தி வாசிப்பவரைப் போல ஒவ்வொரு சொல்லாக: “ஏணி மீது நின்றபடி தனியாக இதைப் பொருத்த வேண்டாம்.” அடுத்து அக்காவின் சொந்தக் குரல்: “உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறதுக்குப் படிச்சவடி நீ.”

மிச்சமிருந்தது ஒரே வேலை. ஓர் இதழ் அவளிடம் சிறுகதை கேட்டிருந்தது, காசுக்கு. அவள் வாழ்க்கையில் முதல் தடவை. மேசையில் பாதி முழுக்க மொழிபெயர்ப்பு நாவல்கள் அடுக்கி வைத்திருப்பவள், அந்த மின்னஞ்சலை அச்செடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். கதை இன்னும் எழுதவில்லை. அப்படியென்றால் அந்தக் கதைக்கு ஏணி தேவைப்பட்டது என்று சொல்லலாம். கதையில் ஏணி இருந்தால் போதும்.

முதல் தொடக்கம்:

*பனி பெய்துகொண்டிருந்த அந்த ரயில் நிலையத்தில், நீண்ட கோட்டு அணிந்த மனிதர் ஒருவர் ஏணியோடு இறங்கினார். அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவரும்—*

(அவரும் என்ன? தெரியவில்லை. அவள் பனியைப் பார்த்ததே இல்லை. நீண்ட கோட்டு போட்டவர்களையும் புத்தகங்களில்தான் பார்த்திருக்கிறாள். அவர்கள் எல்லோரும் சோகமாக சூப் குடிப்பார்கள். ஏணியோடு வந்தவர் சூப்பை எங்கே வைப்பார்?)

இரண்டாவது தொடக்கம்:

*அவன் நிலவைத் துடைக்கிறவன். ஒவ்வொரு மாலையும் மர ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு—*

“மரமா?” என்றாள் அக்கா. அவளுக்கு ஒவ்வொரு வரைவும் உடனுக்குடன் போய்க்கொண்டிருந்தது. “பில்லுல அலுமினியம்னு இருக்கு.”

“மர ஏணின்னாதான் அக்கா கதையில அழகா இருக்கும்.”

“அழகுக்கு வரி திரும்பக் கொடுக்க மாட்டாங்க. அலுமினியம். ஏழு படி. அப்புறம் நிலவுக்கு ஏழு படி எப்படிப் போதும்?”

மூன்றாவது தொடக்கத்தில் ஒரு திருடன் வந்தான். நல்லவன், தாடி வைத்தவன், புத்தகம் மட்டும் திருடுகிறவன். ஏழு படி ஏணியில் ஏறி இரண்டாவது மாடி ஜன்னலை எட்ட முடியாமல் நின்றான். அவனுக்காக வீட்டின் உயரத்தைக் குறைத்தாள். குறைத்ததும் ஏணியே தேவையில்லாமல் போய்விட்டது. அவன் வாசல் வழியாக உள்ளே போனான். நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தான். அவனை அங்கேயே விட்டுவிட்டாள். இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

(‘நினைக்கிறேன்’ என்று வந்துவிட்டது. மன்னிக்கவும். ‘நினைக்கிறாள்’.)

இப்படியே பன்னிரண்டு நாட்கள் போயின.

4

இதுவரை உங்களிடமிருந்து ஒன்றை மறைத்துவிட்டாள். மறைத்ததற்குக் காரணம், சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். பதின்மூன்றாவது நாள், மனம் கேட்காமல், யாருக்கும் காட்டுவதற்கு அல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நான்காவது தொடக்கத்தை எழுதினாள். அதில் பனி இல்லை.

*எந்தக் கையேட்டையும் நிறுவனத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் அவள் ஓர் ஆளை வைத்துச் சோதித்துப் பார்ப்பாள். அந்த ஆளுக்குக் கருவிகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கக் கூடாது. சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சொல்லாததைச் செய்யக் கூடாது. இந்தத் தகுதிகள் எல்லாம் கொண்ட ஒருவரை அவள் திருமணம் செய்துகொண்டிருந்தாள்.*

*அன்று மாதிரி ஹீட்டர் வந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடு. அவன் புது ஏணியில் மூன்றாவது படியில் நின்றான். அவள் கீழே உட்கார்ந்து வரைவிலிருந்து உரக்க வாசித்தாள்.*

*“ஆறு. ஹீட்டரை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளவும்.”*

*“பிடிச்சாச்சு.”*

*“ஏழு. வலது கையால் ஸ்க்ரூவை முடுக்கவும்.”*

*மேலிருந்து அவன் கேட்டான்: “எந்த வலது கை?”*

*“வலது கைங்க. எழுதியிருக்கறதைச் செய்யுங்க. யோசிக்காதீங்க. யோசிச்சா சோதனையே கெட்டுப்போயிடும்.”*

*அவன் யோசிக்கவில்லை. வலது கையை எடுத்தான். ஹீட்டர் சாய்ந்தது, அவனும் சாய்ந்தான், ஏணி மட்டும் நேராக நின்றது. அவன் கீழே வந்தான். ஹீட்டர் அவன் மேல் வந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.*

*“ஏழாவது சரியில்லம்மா,” என்றான் தரையில் கிடந்தபடி.*

வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. அன்று மாலையே அவள் ஏழாவது வரியை அடித்து “இருவர் சேர்ந்து செய்யவும்” என்று எழுதினாள். எச்சரிக்கைகளில் ஒன்றைக் கூட்டினாள். அந்த ஒன்றுதான் மூன்றாம் பக்கம், நாலாவது.

ஆக, ஏணி தொழிலுக்குத்தான் பயன்பட்டது. பயன்பட்டதால்தான் ‘ஏணி வேண்டாம்’ என்ற வரியே வந்தது. விளக்கம் முதல் நாளிலிருந்து அவள் கையிலேயே இருந்தது. ஆனால் கட்டுப் போட்ட கையோடு அவன் கெஞ்சியிருந்தான்: “வெளியில சொல்லிடாத. ஹீட்டர் மாட்டப்போய் விழுந்தேன்னா ஆபீஸ்ல பஸ் ஸ்டாப் ஸ்டாப்பா சொல்லிச் சிரிப்பாங்க. முக்கியமா உங்க அக்காவுக்குத் தெரியவே கூடாது. பேட்மிண்டன் ஆடும்போது விழுந்தேன்னு சொல்லிக்கறேன்.”*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அவன் அதற்கு முன் பேட்மிண்டன் ஆடியதே இல்லை. அக்கா தன் பகுதி பேட்மிண்டன் கிளப்பின் செயலாளர். விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கி, “இத்தனை வருஷம் சொல்லவே இல்லையே மாப்பிள்ளை!” என்று விலை உயர்ந்த மட்டை ஒன்றை வாங்கிக் கொடுத்தாள். கட்டுப் பிரித்த வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறாள்.

5

யாருக்கும் காட்டுவதற்கு அல்ல என்று எழுதியதை எல்லா வரைவுகளோடும் சேர்த்து அக்காவுக்கு அனுப்பியது கை. பழக்க தோஷம். அனுப்பிய பிறகுதான் தலை கையைக் கேட்டது.

பதினொரு நிமிடத்தில் போன் வந்தது. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்.

“அக்கா? அழறியா?”

“அடியே...” சிரிப்பில் குரல் உடைந்து உடைந்து வந்தது. “பத்து வாரமா அந்த மனுஷன் என்கிட்ட தோத்துட்டே இருக்காரே... ‘மணிக்கட்டு இன்னும் பழைய நிலைக்கு வரல அண்ணி’ன்னு வேற சொல்வாரு... பழைய நிலை! பழைய நிலையே இல்லையாடி அதுக்கு!”

“அக்கா, ப்ளீஸ். நான் இதை எடுத்துடறேன். திருடனையே வச்சுக்கலாம்.”

“திருடனை எவன் நம்புவான்? இதை நம்புவாங்க.”

“ஏன்?”

“இப்படி ஒண்ணைக் கற்பனை பண்ண உனக்கு வராது.”

இதுவரை அவள் எழுத்தைப் பற்றி யாரும் சொன்னதில் இதுதான் பெரிய பாராட்டு. அல்லது பெரிய திட்டு. அவள் தீர்மானிப்பதற்குள் அக்காவுக்குள் இருந்த கணக்குக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“சரி, கேளு. ஏணி வீட்டு வேலைக்கும் பயன்படுதா?”

“டியூப் லைட் மாத்தணும்னுதான் வாங்கினது. இன்னும் மாத்தல.”

“அப்போ முழு வரியும் கேக்கக் கூடாது. தொழிலுக்கு எவ்வளவோ அந்தப் பங்குதான். திருத்தப் படிவத்துல சதவீதம்னு ஒரு கட்டம் இருக்கு. அவர் எத்தனாவது படியில நின்னாரு?”

“மூணாவது.”

“மொத்தம் ஏழு. அன்னிக்கு மூணு படி தொழிலுக்கு உழைச்சிருக்கு, நாலு படி சும்மா நின்னிருக்கு. ஏழுல மூணு. நாற்பத்திரண்டு புள்ளி எட்டு ஆறு சதவீதம்.”

“இப்படியெல்லாம் கணக்குப் போட்டா ஒத்துக்குவாங்களா?”

“நியாயமான ஒரு முறையைச் சொல்லுன்னுதான் விதி சொல்லுது. படிக்கு மேல நியாயமான முறை ஏணியில வேற என்ன இருக்கு?”

பதினான்காவது நாள் அவளே வரி அலுவலகத்துக்குப் பேசினாள். உருப்படி 14ஐப் பார்க்கும் அலுவலர் ஒரு பெண்மணி. குரல் மெத்தென்று இருந்தது. விளக்கத்தைக் கதையாக எழுதிவிட்டதாகவும், இதழுக்கும் அதையேதான் அனுப்பப்போவதாகவும், ஆனால் கதைக்கு இன்னும் முடிவு கிடைக்கவில்லை என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“முடிவு இல்லைன்னா பரவாயில்லை மேடம்,” என்றார் அலுவலர். “சதவீதம் இல்லைன்னாதான் கஷ்டம். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க. அஞ்சுக்கு மேல வந்தா சிஸ்டமே பொழுதுபோக்குன்னு எடுத்துக்கும்.”

6

இந்த இடத்தில் முடிவுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

ஏணியைக் கைவிட்டுவிடலாம். தெரியாமல் சேர்த்துவிட்டேன், அந்த வரி வேண்டாம் என்று எழுதலாம். அக்கா முதலில் சொன்னதும் அதுதான். பாதி உண்மைதான் அது. ஆனால் அப்படி எழுதினால் அன்று அந்த அறையில் நடந்தது வேலை இல்லை என்று ஆகிவிடும். அவள் உரக்க வாசித்தது, அவன் யோசிக்காமல் கையை எடுத்தது, அன்று மாலை ஏழாவது வரியை அடித்தது எல்லாமே பொழுதுபோக்கு. அந்த வரியை அடித்ததால் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் விழாமல் இருக்கிறார்களோ!

அல்லது திருடனைத் திரும்பக் கூப்பிடலாம். கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் அத்தியாயம் முடியட்டும் என்றான்.

அல்லது நடந்ததை நடந்தபடி அனுப்பலாம். சத்தியம் போகும். ஏற்கெனவே பாதி போய்விட்டது. மீதிப் பாதியை அவனிடமே கேட்டுப் பெற வேண்டும். இதற்கு மேல் வருவது பதினைந்தாவது நாள், நாலே முக்கால் மணி.

அவளுடைய மூலையில் டியூப் லைட் மாதக்கணக்காகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவன் அரை நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தான், ஏணியை விரித்து நிறுத்தியிருந்தான். யாரிடமோ எதையோ நிரூபிக்கிற முகம். காலையில் அக்காவிடமிருந்து அவனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது: “ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உண்டு மாப்பிள்ளை. ஹீட்டர் கொண்டு வர வேண்டாம்.”

அவள் ஏணியை ஒரு கையால் பிடித்திருந்தாள். சுழல் நாற்காலியில் மடிக்கணினி திறந்திருந்தது. படிவத்தில் விளக்கம் ஏறிவிட்டது, கதை இணைந்துவிட்டது. சதவீதக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

“என்னங்க, கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல. அண்ணிக்கே தெரிஞ்சாச்சு, இனிமே என்ன மானம் பாக்கி?” முதல் படி. இரண்டாவது படி. “அரசாங்கத்துக்கும் தெரியட்டும். பத்திரிகையிலயும் வரட்டும்.”

“நிஜமாவா?”

“உன் போர்டு அது,” என்று சட்டம் போட்ட சான்றிதழைத் தாடையால் காட்டினான். “அது கீழ இறங்கறதுக்கு நான் கீழ விழுந்ததே தேவலை.” மூன்றாவது படியில் ஒரு கணம் நின்றான். கீழே பார்த்தான். தரை வெகு பக்கத்தில் இருந்தது. “விழுந்தேன்னு எழுதிக்கோ. எனக்கு ஆட்சேபணை இல்ல. ஒரே ஒரு திருத்தம்.”

“என்ன?”

“மூணாவது படிதான் உதைக்குது. மூணாவது படியிலேர்ந்து யாராவது விழுவாங்களா? அது விழறதே இல்லம்மா, இறங்கறது.” நான்கு. ஐந்து. “ஆறாவதுன்னு போடு. ஆறாவதுலேர்ந்து விழுந்தான்னா ஒரு இது இருக்கு.”

“நடந்தது மூணுங்க.”

“கதைதானே? அந்தத் திருடனுக்காக ஒரு மாடியையே இறக்கின. எனக்காக மூணு படி ஏத்த மாட்டியா? உனக்கும் லாபம். ஏழுல ஆறு. எவ்வளவு சதவீதம் வருது பாரு.”

அவள் பார்த்தாள். எண்பத்தைந்து புள்ளி ஏழு ஒன்று. நான்கு வருடங்களில் அவள் எந்தக் கையேட்டிலும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. அவளுடைய தொழில் அவ்வளவுதான். ஆனால் கதையில் மூன்றை ஆறாக்குவதற்குப் பெயர் பொய் இல்லை, திருத்தம். இப்போது நாற்காலியில் திறந்திருப்பது கையேடா, கதையா, அரசாங்கப் படிவமா என்று கேட்டால் மூன்றும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். (நான்காம் பகுதியில் ‘மூன்றாவது படி’ என்று படித்தீர்கள். அங்கே கைவைக்க இன்னும் நேரம் இருக்கிறது. அந்தச் சொல்லின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.)

மணி நாலு ஐம்பத்தேழு.

ஏணி லேசாக நடுங்கியது. தலைக்கு மேலே அவன் பழைய குழலை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். அவள் அண்ணாந்து படிகளை எண்ணினாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் உண்மையாகவே ஆறாவது படியில் நின்றுகொண்டிருந்தான். தட்டச்சு செய்ய ஒரு கை வேண்டும், திரையில் அம்புக்குறியை ‘அனுப்பு’ வரை கொண்டுபோக ஒரு கை வேண்டும், ஏணிக்கு ஒரு கை வேண்டும்.

“இதோ, ஆறுலதான் நிக்கறேன், எண்ணிப் பாத்துக்கோ,” என்றான் மேலிருந்து, குரலைக் கெத்தாக வைத்துக்கொண்டு. “ஏணியை மட்டும் விட்டுடாத. விடாமலேயே, அந்தக் கட்டத்துல, எனக்காக, ஏழுல ஆறுன்னு போட்டுடேன்.”